அந்த எண்ணையும் எழுதுங்கள், டாக்டர்

கல்லீரல் எம்.ஆர்.ஐ ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். உங்களில் பலருக்கு என் முகம் தெரியாது, என் வேலை தெரியும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மைக்கில் "மூச்சை இழுங்க, விடுங்க, அப்படியே நிறுத்துங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் கூட்டத்தில் நானும் ஒருவன். எம்.ஆர்.ஐ டெக்னீஷியன். நான் எடுத்து அனுப்பும் படங்களைப் பார்த்து நீங்கள் ரிப்போர்ட் எழுதுகிறீர்கள். படிப்பிலும் பொறுப்பிலும் என்னைவிடப் பல படி மேலே இருப்பவர்களுக்கு இப்படி ஒரு கடிதம் எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். ஒரு பெரியவர் கேட்ட கேள்விதான் எழுத வைத்தது.

ஃபேட்டி லிவர் என்று ஒரு வருடத்துக்கு முன்னால் ஸ்கேனுக்கு வந்தவர் அவர். சமீபத்தில் மறுபடியும் எடுத்தோம். இரண்டு ரிப்போர்ட்டையும் கையில் பிடித்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார். முதல் ரிப்போர்ட்டில் "கல்லீரலில் மிதமான கொழுப்புப் படிவு" என்று இருந்தது. இரண்டாவதில் "லேசானது முதல் மிதமானது வரை".

"குறைஞ்சிருக்கா, இல்ல அப்படியேதான் இருக்கா தம்பி? ஒன்பது கிலோ இறக்கியிருக்கேன்" என்றார்.

"டாக்டர்கிட்ட கேளுங்க ஐயா" என்றேன். நான் அப்படித்தான் சொல்ல வேண்டும், அதில் தவறில்லை. ஆனால் அவர் போன பிறகு மனசு கேட்காமல் இரண்டு ஸ்கேனையும் திறந்து பார்த்தேன். கொழுப்பின் அளவைக் காட்டும் படம் இரண்டிலும் இருந்தது. போன வருடம் 21 சதவீதம். இந்த வருடம் 13. இருந்த கொழுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கரைந்து போயிருந்தது. கல்லீரல் மருந்துகளைச் சோதிப்பவர்கள் இதே அளவில் 30 சதவீதம் இறக்கம் தெரிந்தாலே கவனிக்கிறார்கள். அப்படி இறங்கியவர்களுக்குத் திசு அளவிலும் முன்னேற்றம் இருக்க வாய்ப்பு கூடுதல் என்று கண்டிருக்கிறார்கள். இவருக்கு 38 சதவீதம் இறங்கியிருக்கிறது. அதுவும் மருந்து எதுவும் இல்லாமல், உடம்பைக் குறைத்தே. அந்தச் செய்தி அவர் கையில் இருந்த இரண்டு தாளிலும் இல்லை. எங்கள் சர்வரில் இருந்தது.

நான் கேட்க வந்தது இவ்வளவுதான். இயந்திரம் அளந்து கொடுக்கும் எண்ணை ரிப்போர்ட்டில் எழுதுங்கள். எப்படி அளந்தது என்பதையும் கூடவே எழுதுங்கள். (கொழுப்பைப் பற்றிய கடிதத்தில் "எண்ணை" என்று அடிக்கடி வருகிறது. யாரும் எண்ணெய் என்று படித்துவிட வேண்டாம்.)

இந்த எண் எப்படி வருகிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் திறந்த மடல் என்பதால் நோயாளிகளும் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். எம்.ஆர்.ஐ கேட்பது ஹைட்ரஜன் அணுக்கருவின் (புரோட்டானின்) குரலை. ஹைட்ரஜன் தண்ணீரிலும் இருக்கிறது, கொழுப்பிலும் இருக்கிறது. காந்தத்துக்குள் இரண்டும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. 1.5 டெஸ்லா (காந்தத்தின் வலிமையைச் சொல்லும் அலகு) இயந்திரத்தில் நொடிக்கு ஏறக்குறைய 220 சுற்று வித்தியாசம். வட்டப் பாதையில் ஒன்றாகப் புறப்பட்ட இரண்டு பேரில் ஒருவர் கொஞ்சம் மந்தமாக ஓடினால், ஒரு சமயம் எதிரெதிரே நிற்பார்கள், ஒரு சமயம் மறுபடி ஒன்றாக வருவார்கள். தண்ணீரும் கொழுப்பும் அப்படித்தான். 2.3 மில்லிநொடியில் எதிரெதிரே நின்று ஒன்றின் ஒலியை ஒன்று குறைக்கின்றன, 4.6 மில்லிநொடியில் சேர்ந்து ஒலிக்கின்றன. இந்த இரண்டு நேரத்திலும் படம் எடுத்துக் கூட்டிக் கழித்தால் தண்ணீர் வேறு, கொழுப்பு வேறு என்று பிரிக்கலாம் என 1984-இல் டிக்சன் எழுதிக் காட்டினார். இன்றுவரை எங்கள் திரையில் அவர் பெயர் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் இரண்டு படக் கணக்கில் ஓட்டைகள் இருந்தன. கல்லீரலில் இரும்பு சேர்ந்திருந்தால் பிந்தைய படம் தானாகவே மங்கிவிடும். கொழுப்பு இருந்தும் இல்லாதது போலத் தெரியும். இன்னொன்று, எது எதைவிட அதிகம் என்பது இதில் பிடிபடாது. 30 சதவீதமும் 70 சதவீதமும் ஒரே மாதிரி காட்டும். கொழுப்பு ஒரே ஒரு அதிர்வெண்ணில் பேசுகிறது என்று எடுத்துக்கொண்டதும் சரியில்லை, அதற்குப் பல குரல்கள் உண்டு. இப்போது ஒரே மூச்சில், இருபது நொடிக்குள், ஆறு எதிரொலிகளைப் பிடிக்கிறோம். இரும்பால் வரும் மங்கலைக் கணக்கில் கழிக்கிறோம், கொழுப்பின் பல குரல்களையும் சேர்க்கிறோம், ரேடியோ துடிப்பின் கோணத்தைச் சின்னதாக வைத்து இன்னொரு பிழையையும் தவிர்க்கிறோம். கடைசியில் மிஞ்சுவதுதான் பி.டி.எஃப்.எஃப். கல்லீரலில் சமிக்ஞை தரும் தண்ணீர், கொழுப்புப் புரோட்டான்களில் கொழுப்பினுடையது எத்தனை பங்கு என்ற கணக்கு. 1.5 டெஸ்லாவிலும் 3 டெஸ்லாவிலும், ஒரு கம்பெனி இயந்திரத்திலும் இன்னொரு கம்பெனி இயந்திரத்திலும் ஏறக்குறைய ஒரே விடை வருகிறது. எங்கள் தொழிலில் இது சாதாரண விஷயம் இல்லை. எம்.ஆர்.ஐ படத்தின் வெளிச்சத்துக்கு அளவுகோல் கிடையாது, இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். அந்த இயந்திரமே இன்று ஒரு தராசாக மாறியிருக்கிறது. நாமோ அதில் நிறுத்துவிட்டு "கொஞ்சம் கனமாக இருக்கிறது" என்று எழுதிக் கொடுக்கிறோம்.

அல்ட்ராசவுண்டில் "லேசான, மிதமான, அதிக" என்று எழுதுவது நியாயம். அங்கே வெளுப்பைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல முடியும், இருபது முப்பது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பல சமயம் தெரியவே தெரியாது. அந்த மொழி அங்கிருந்து நம்மிடம் வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். பழக்கம்தான், வேறொன்றும் இல்லை.

எண்ணை மட்டும் எழுதினால் போதுமா என்றால் போதாது. இதில்தான் எனக்கு நிறைய கவலை. பயாப்சியில், அதாவது ஊசியால் எடுத்த கல்லீரல் துண்டில், திசுவைப் பார்க்கும் மருத்துவரும் சதவீதம் எழுதுகிறார். அவர் எண்ணுவது வேறு. நூறு கல்லீரல் செல்களில் எத்தனை செல்களுக்குள் கொழுப்புத் துளி இருக்கிறது என்பது அவர் கணக்கு. ஒரு செல்லுக்குள் துளி சிறிதாக இருந்தாலும் அந்தச் செல் கணக்கில் சேர்ந்துவிடும். அதனால் அவருடைய எண் எப்போதும் பெரிதாக இருக்கும். அவர் 66 சதவீதத்துக்கு மேல் என்று சொல்லும் இடத்தில் எங்கள் கணக்கு 22-ஐ ஒட்டி இருக்கும். எங்கள் அளவில் 50-ஐத் தாண்டுகிற கல்லீரல் அபூர்வம். சாதாரணத்துக்கும் அதிகத்துக்கும் நடுவில் கோடு 5 சதவீதத்தில் விழுகிறது. இது தெரியாத ஒருவர் பழைய பயாப்சியில் 60 என்றும் புது எம்.ஆர்.ஐ-யில் 20 என்றும் பார்த்தால் என்ன நினைப்பார்? மூன்றில் இரண்டு பங்கு குணமாகிவிட்டது என்றுதான். உண்மையில் ஒரு மாற்றமும் நடந்திருக்காது.

இதைவிட மோசமான குழப்பம் ஒன்று, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் எலாஸ்டோகிராஃபியில் இருக்கிறது. அதற்குப் போவதற்கு முன்னால் அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் பேச ஆசை, எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். வலது பக்க விலா எலும்பின் மேல் ஒரு பிளாஸ்டிக் தட்டை வைத்துப் பெல்ட் போட்டுக் கட்டுகிறோம். அதிலிருந்து ஒரு குழாய் சுவர் வழியாக வெளியே போகிறது. வெளியே ஒரு ஸ்பீக்கர் மாதிரியான பெட்டி நொடிக்கு 60 முறை காற்றை அதிர வைக்கிறது. நோயாளிக்குச் சின்ன உடுக்கையை வயிற்றில் கட்டியது போல இருக்கும். வலி கிடையாது, பல பேர் சிரிப்பார்கள், சிரித்தால் மறுபடி எடுக்க வேண்டியதுதான். அந்த அதிர்வு கல்லீரலுக்குள் அலையாகப் போகிறது. மைக்ரான் அளவில்தான் திசு அசைகிறது, ஆனால் அதை எம்.ஆர்.ஐ பிடித்துவிடுகிறது. மென்மையான கல்லீரலில் அலை மெதுவாக, நெருக்கமாகப் போகும், ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டரை சென்டிமீட்டர் போல இருக்கும். தழும்பு ஏறி இறுகிய கல்லீரலில் அலை வேகமாக ஓடும், இடைவெளி நாலு சென்டிமீட்டரை நெருங்கும். குளத்தில் கல் போட்டு வளையங்களைப் பார்த்தே தண்ணீருக்குப் பதில் உள்ளே கூழ் இருக்கிறது என்று சொல்லிவிடுகிற மாதிரி.

இதை முதன்முதலில் 1995-இல் மேயோ கிளினிக்கிலிருந்து "சயன்ஸ்" இதழில் எழுதினார்கள். ரிச்சர்ட் ஈமனின் குழு அது. அந்தக் கட்டுரையின் முதல் பெயர் முத்துப்பிள்ளை. பயிற்சிக் காலத்தில் அந்தப் பெயரைப் பார்த்து, ஒரு காரணமும் இல்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்தது ஞாபகம் இருக்கிறது.

சரி, குழப்பத்துக்கு வருகிறேன். எம்.ஆர்.ஐ எலாஸ்டோகிராஃபி தரும் விடை கிலோபாஸ்கல் என்ற அலகில் இருக்கும். வெளி நோயாளிப் பிரிவில் அல்ட்ராசவுண்ட் கருவியை விலா இடுக்கில் வைத்துத் தட்டி எடுக்கும் ஃபைப்ரோஸ்கேன் தரும் விடையும் கிலோபாஸ்கல்தான். அலகு ஒன்று, பொருள் வேறு. நாங்கள் சொல்வது திசு பக்கவாட்டில் நழுவுவதை எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு, அவர்கள் சொல்வது இழுத்தாலோ அழுத்தினாலோ எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு, அதாவது யங்ஸ் மாடுலஸ். கல்லீரல் போன்ற மெத்தென்ற திசுவில் இரண்டாவது முதலாவதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. அங்கே 9 என்றால் இங்கே 3-ஐ ஒட்டி வரும். இரண்டும் ஒரே கல்லீரல், ஒரே கடினம்.

ஒரு பெண்மணி இரண்டு மாதத்துக்கு முன் எடுத்த அந்த அல்ட்ராசவுண்ட் அளவோடு வந்தார். அது 12. நாங்கள் எடுத்ததில் 4.1 வந்தது. ரிப்போர்ட்டில் "கல்லீரல் கடினம் 4.1 கிலோபாஸ்கல்" என்று ஒரே ஒரு வரி. அதன் எல்லைகள் என்ன என்று எழுதவில்லை. எம்.ஆர்.ஐ அளவில் 2.5-க்குக் கீழே இருந்தால் சாதாரணம், 5-ஐத் தாண்டினால் சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை) கட்டத்தை நினைக்க வேண்டும், 4.1 என்பது நல்ல செய்தியே இல்லை. அவர் மகன் பன்னிரண்டு நாலாகிவிட்டது என்று எல்லோருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருந்தார், நானே காதால் கேட்டேன். அவரைத் திருத்த எனக்கு உரிமை கிடையாது. கல்லீரல் மருத்துவரிடம் போன பிறகு அந்த மகிழ்ச்சி எவ்வளவு நேரம் நிலைத்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே அடுத்தவரை உள்ளே அழைத்தேன்.

ஒரே ஒரு வரி கூடுதலாக இருந்திருந்தால் போதும்: "இது எம்.ஆர்.ஐ முறை, ஃபைப்ரோஸ்கேன் எண்ணோடு ஒப்பிடக் கூடாது."

இன்னொரு வரியும் கேட்பேன். மறு ஸ்கேனில் எண் மாறினால் அது உண்மையான மாற்றமா, அளவீட்டின் தள்ளாட்டமா? எம்.ஆர்.ஐ எலாஸ்டோகிராஃபிக்கு இதற்கு ஒரு பொதுவான விடை இருக்கிறது. 19 சதவீதம் அல்லது அதற்கு மேல் மாறினால்தான் கல்லீரல் உண்மையிலேயே மாறியிருக்கிறது என்று நம்பிச் சொல்லலாம். 3.6 அடுத்த வருடம் 3.3 ஆனால் கொண்டாடவும் வேண்டாம், 3.9 ஆனால் அழவும் வேண்டாம். கொழுப்பிலும் அப்படித்தான், ஓரிரு புள்ளி அங்கே இங்கே ஆடும். இந்த ஆட்டத்தை நோயாளியிடம் சொல்லாமல் எண்ணை மட்டும் கொடுத்தால் வேறொரு நோயை உண்டாக்கிவிடுவோம். ரிப்போர்ட்டில் எண் வேண்டாம் என்று சொல்லும் டாக்டர்களின் வாதமும் இதுதான் என்று எனக்குத் தெரியும். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்து எண்ணை மறைப்பது இல்லை, எவ்வளவு ஆடும் என்று பக்கத்திலேயே எழுதுவது.

இங்கே என் பக்கத் தவறையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் ஒரு முறை அந்தத் தட்டைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டிவிட்டேன். அலை கல்லீரலுக்குள் பாதி தூரம்கூடப் போகவில்லை. வண்ணப் படம் என்னவோ அழகாகவே வந்தது, அதுதான் ஆபத்து. நம்பக்கூடாத பகுதியில் இயந்திரம் குறுக்குக் கோடு போட்டுக் காட்டும். கோடில்லாத இடம் துளியூண்டுதான் இருந்தது. அந்தத் துளியில் அளந்த எண்ணே ரிப்போர்ட்டில் ஏறியது. அளந்த பரப்பு எவ்வளவு என்று எழுதும் வழக்கம் இருந்திருந்தால் அன்றே யாராவது என்னைப் பிடித்திருப்பார்கள். சாப்பிட்டுவிட்டு வந்தவரை எடுத்தாலும் இதே கதைதான். சாப்பாட்டுக்குப் பின் கல்லீரலுக்கு ரத்தம் கூடும், கடினமும் கூடும். நாலு மணி நேரமாவது வெறும் வயிற்றில் இருந்தாரா என்று நாங்கள் கேட்டுத் தாளில் எழுதுகிறோம். அந்தத் தாளை உங்கள் பக்கம் யாராவது பார்க்கிறார்களா என்று தெரியவில்லை. இருதயம் பலவீனமாகி ரத்தம் தேங்கினாலும், பித்தம் அடைத்தாலும், அழற்சி கொதித்துக்கொண்டிருந்தாலும் தழும்பே இல்லாமல் எண் ஏறும். இதையெல்லாம் சேர்த்துப் படிப்பது உங்கள் வேலை, இயந்திரத்தால் ஆகாது. அதனால்தான் எண்ணை நீங்கள் எழுத வேண்டும் என்கிறேன். சிலர் யோசனை சொல்வது போல இயந்திரமே நேராக நோயாளியின் போனுக்கு அனுப்பினால் அது விபரீதத்தில் முடியும்.

கொழுப்பையும் கடினத்தையும் சேர்த்தே எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃபேட்டி லிவர் முற்றிச் சிரோசிஸ் பக்கம் போகும்போது சிலருக்குக் கொழுப்பு தானாகவே குறைந்துவிடும். வீடு எரிந்து முடிந்த பிறகு புகை குறைவது போல. கொழுப்பு 18-இலிருந்து 6-க்கு வந்துவிட்டது என்று தட்டிக்கொடுத்து அனுப்பினால், கடினம் 3-இலிருந்து 5.5-க்குப் போனதை யார் பார்ப்பது? எனக்குப் பெரியவரின் 13 சதவீதத்தைப் பார்த்துச் சந்தோஷம் வந்தது உண்மை. ஆனால் அவருடைய கடினத்தையும் பார்த்த பிறகுதான் அது நிலைத்தது, 2.4.

இரும்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதில் உங்களில் பலர் ஏற்கெனவே ஒழுங்காகவே எழுதுகிறீர்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்காகக் காலமெல்லாம் ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்கு ஒவ்வொரு பையோடும் இரும்பு உள்ளே போகிறது, தானாக வெளியேற வழி கிடையாது. அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க ஒரு காலத்தில் ஊசிதான். ரத்தத்தில் ஃபெரிட்டின் (இரும்பைச் சேமிக்கும் புரதம்) பார்க்கலாம், ஆனால் ஒரு காய்ச்சல் வந்தாலே அது ஏறிவிடும். இப்போது அதே ஆறு எதிரொலிப் படத்திலிருந்தே ஆர்-2-ஸ்டார் என்ற எண் கிடைக்கிறது, அதை உலர்ந்த கல்லீரல் ஒரு கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் இரும்பு என்று மாற்றிக்கொள்ளலாம். 1.8 வரை சாதாரணம், 7-ஐத் தாண்டினால் கவலை, 15-க்கு மேல் ஆபத்து. ஒரே ஒரு வேண்டுகோள்: எத்தனை டெஸ்லா இயந்திரம் என்று எழுதுங்கள். அதே இரும்புக்கு 3 டெஸ்லாவில் ஆர்-2-ஸ்டார் ஏறக்குறைய இரட்டிப்பாகும். எண்ணை மட்டும் எழுதி இயந்திரத்தை எழுதாவிட்டால், வேறு மையத்துக்குப் போனவருக்கு ஒரே இரவில் இரும்பு இரண்டு மடங்கு ஆகிவிடும்.

இரும்பு மிகுந்தவர்களுக்கு எலாஸ்டோகிராஃபி பல சமயம் தோற்றுப்போகும், கல்லீரல் படமே கறுத்துவிடும். அப்போது ரிப்போர்ட்டில் "எலாஸ்டோகிராஃபி தோல்வி" என்று வருகிறது. அதைப் படிக்கும் நோயாளி தோற்றது தன் கல்லீரல்தான் என்று நினைத்துக்கொள்கிறார். இதே சோதனையை, இரும்பால் அவ்வளவு மங்காத ஸ்பின் எக்கோ என்ற முறையில் எடுத்தால் இப்படிப்பட்டவர்களிலும் பெரும்பாலும் விடை கிடைத்துவிடுகிறது. அந்த வசதி இருக்கும் இயந்திரங்களில்கூட அதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு. கேளுங்கள், எடுத்துத் தருகிறோம்.

பயாப்சியை ஒழித்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஊசி எடுக்கும் துண்டு கல்லீரலின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். ஒரே கல்லீரலில் இரண்டு இடத்தில் குத்தினால் இரண்டு விடை வருவதுண்டு. நாங்கள் முழு உறுப்பையும் பார்க்கிறோம், அதுவும் வலியில்லாமல், எத்தனை முறை வேண்டுமானாலும். ஆனால் செல் வீங்கியிருக்கிறதா, அழற்சி எந்த வகை, நோய்க்குக் காரணம் மதுவா வைரஸா தன் உடம்பையே தாக்கும் நோயா, இதையெல்லாம் மைக்ரோஸ்கோப்பில்தான் பார்க்க முடியும். டி-1 என்ற இன்னொரு எம்.ஆர்.ஐ அளவை இரும்புக்குத் திருத்தி அழற்சியைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இருக்கிறது, ஆனால் அது அழற்சியையும் தழும்பையும் தனித்தனியே பிரித்துக் காட்டாது. அதனால் அந்த எண்ணை மட்டும் தனியாக எழுதாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

படத்தில் வேறுபாட்டைத் தூக்கிக் காட்டப் போடும் காண்ட்ராஸ்ட் ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. கொழுப்பு, இரும்பு, கடினம் மூன்றையும் அளக்க ஊசியே தேவையில்லை. ஆனால் "கல்லீரல் எம்.ஆர்.ஐ" என்று சீட்டு வந்தாலே பழக்கத்தில் காண்ட்ராஸ்டோடு என்று சேர்ந்துவிடுகிறது. கட்டி இருக்கிறதா என்று பார்க்கும்போது அது அவசியம், அதில் மறுபேச்சு இல்லை. காடாக்சிடேட் என்ற மருந்தை நான் வியந்து பார்த்திருக்கிறேன். போட்டதில் ஏறக்குறைய பாதியைக் கல்லீரல் செல்கள் உள்ளே இழுத்துப் பித்தத்தில் விடுகின்றன. இருபது நிமிடம் கழித்து எடுத்தால் நல்ல கல்லீரல் பளிச்சென்று ஒளிர, அந்தச் செல்கள் இல்லாத கட்டி கறுப்பாகக் குழி விழுந்தது போல நிற்கும். சிரோசிஸ் அல்லது நாள்பட்ட ஹெபடைடிஸ் பி இருப்பவர்களில் கட்டியை, அது புற்றாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று தரம் பிரிக்கும் லி-ராட்ஸ் வரிசையில் ஐந்தாம் நிலை என்று நீங்கள் எழுதினால், ஊசி குத்தாமலே புற்றுநோய்ச் சிகிச்சை தொடங்கிவிடுகிறது. நீங்கள் எழுதும் ஒரு இலக்கத்தை வைத்து ஒரு உயிருக்கு முடிவு எடுக்கிறார்கள். ஆக, எண் எழுதுவது உங்களுக்குப் புதிது இல்லை. கட்டிக்கு எழுதும் கை கொழுப்புக்கு ஏன் தயங்குகிறது என்பதுதான் என் கேள்வி.

ஆனால் இந்த காண்ட்ராஸ்ட் மருந்துகளில் இருக்கும் காடோலினியம் என்ற உலோகம் சும்மா போட்டுப் பார்க்கும் மருந்து இல்லை. சிறுநீரகம் கெட்டவர்களுக்குத் தோல் இறுகும் நோய் வருவதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பது 2006-இல் தெரிந்தது. பிறகு அது மூளையில் கொஞ்சம் தங்கிவிடுவதும் தெரியவந்து, 2017-இல் ஐரோப்பிய மருந்து அமைப்பு இந்த வகையில் பல மருந்துகளை நிறுத்தியது. காடாக்சிடேட்டைக் கல்லீரலுக்கு மட்டும் என்று விட்டுவைத்தது. மூச்சை நிறுத்த முடியாமல் சிலர் அந்த ஊசி போட்ட சில நொடிகளில் தவிப்பதை நாங்கள் கண்ணாடி வழியாகப் பார்க்கிறோம், அந்த நேரத்துப் படம் அப்படியே ஆடிப் போய்விடும். கொழுப்பு எவ்வளவு என்று மட்டும் பார்க்க வந்தவருக்கு இதெல்லாம் எதற்கு? ஊசி இல்லாமல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மூன்று எண்ணையும் எடுத்துவிடலாம். அப்படி ஒரு குட்டிச் சோதனையை உங்கள் துறையின் பட்டியலில் தனிப் பெயரோடு சேர்க்கச் சொல்வது என் இரண்டாவது வேண்டுகோள். தனிப் பெயர் இருந்தால்தான் சீட்டு எழுதுகிற டாக்டர் அதைக் கேட்பார்.

அந்தச் சோதனைக்கு ரிப்போர்ட்டும் நீளமாக இருக்க வேண்டியதில்லை. கொழுப்பு இவ்வளவு, இத்தனை இடத்தில் வைத்து அளந்தது. கடினம் இவ்வளவு, எம்.ஆர்.ஐ முறையில், வெறும் வயிற்றில்; இரும்பு இவ்வளவு, இத்தனை டெஸ்லாவில்; போன முறை இவ்வளவு, மாற்றம் அளவீட்டு ஆட்டத்துக்கு உள்ளே அல்லது வெளியே. நாலு வரி. அதற்குக் கீழே உங்கள் கருத்து. எண்களை நாங்கள் ஒரு தாளில் நிரப்பித் தருகிறோம், சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது மட்டும் உங்களுடையது. உங்கள் மேசையில் ஸ்கேன்கள் எப்படிக் குவிகின்றன என்று எனக்குத் தெரியும், குவிப்பவர்களில் ஒருவன் நான்தானே.

அடுத்த வாரம் அந்தப் பெரியவர் மறுபடி வருகிறார், இந்த முறை முழங்கால் வலிக்காக. வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்பார் என்று நிச்சயமாகத் தெரியும். 21, 13, 2.4 என்று மூன்று எண்ணையும், எடுத்த தேதி, இயந்திரம், அளந்த இடங்களோடு எழுதி, பழைய ரிப்போர்ட்டில் ஒரு பின்குறிப்பாகச் சேர்க்க முடியுமா என்று கேட்டு எங்கள் டாக்டரின் மேசையில் வைத்திருக்கிறேன். இன்று மாலை வரை அது அங்கேயேதான் இருந்தது.

பணிவுடன்,
ஒரு எம்.ஆர்.ஐ டெக்னீஷியன்